புரிந்தது என்று தலையாட்டினேன்

தம்பி,

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதே. வேலை இடத்தில் வைத்தும் படிக்காதே. எங்காவது உட்கார்ந்து, வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்ட பிறகு படி. போனில் குரலைப் பதிந்து அனுப்பினால் நீ அதை வேகமாக ஓடவிட்டுக் கேட்கிறாய் என்பது எனக்குத் தெரியும். நேராகப் பேசினால் பாதியிலேயே எனக்கு அழுகை வந்துவிடும், நீயும் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதத்தில் எழுதி, சாப்பாட்டுப் பையோடு ஆள்வசம் ஈப்போவுக்கு அனுப்புகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இப்போது நன்றாக இருக்கிறேன். அந்த "இப்போது" உன் கண்ணில் முள்ளாகக் குத்தும். குத்தட்டும், மீதியைப் படிக்கும்போது உனக்கே விளங்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய் அல்லவா, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ என்னவோ நல்ல செய்தி சொல்வது போலத்தான் சொன்னாய். உன் மருந்துக் கவுண்டரில் ஒருவர் வேலையை விட்டுச் சிங்கப்பூருக்குப் போய்விட்டார், இன்னொருவர் பிள்ளைப்பேற்று விடுமுறையில் இருக்கிறார், இருந்தாலும் சமாளித்துவிடுகிறோம் என்றாய். எப்படியப்பா சமாளிக்கிறீர்கள் என்று கேட்டேன். அப்போது நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இப்பல்லாம் யாரும் கேள்வியே கேக்கறது இல்லம்மா. புரிஞ்சுதான்னு கேட்டா உடனே தலையாட்டிட்டுப் போயிடறாங்க. லைன் நல்லா ஓடுது லா." சொல்லிவிட்டு லேசாகச் சிரிக்கவும் செய்தாய். அவர்கள் ஏன் தலையாட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படித் தலையாட்டியவள்தான்.

நீ ஆரம்பத்தில் இப்படி இல்லை. மருந்தியல் படித்துக்கொண்டிருந்தபோது விடுமுறைக்குச் சுங்காய் வீட்டுக்கு வந்தால் என்னைத்தான் நோயாளியாக உட்காரவைப்பாய். புதினா மிட்டாயைப் பிளாஸ்டிக் பாக்கெட்டில் போட்டு, காலையில் ஒன்று, சாப்பிட்ட பிறகு ஒன்று என்று விளக்குவாய். நான் சும்மா தலையாட்டினால் விடமாட்டாய். "அம்மா, நான் சொன்னதை நீங்க திருப்பிச் சொல்லுங்க. தலையாட்டினா செல்லாது" என்பாய். உன்னைச் சீண்டுவதற்காகவே நான் மாற்றிச் சொல்வேன். நீ பொறுமையாக மறுபடி முதலிலிருந்து வருவாய். கடைசியில் மருந்தெல்லாம் என் வாயிலேயே கரைந்து போயிருக்கும். வேலையில் சேர்ந்த புதிதிலும் அப்படித்தானே இருந்தாய்? எழுத்து தெரியாத பெரியவர்களுக்குப் பாக்கெட்டின் மேல் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுத்ததையும், காய்கறித் தோட்டத்துச் சீனப் பாட்டி ஒருவரோடு உன் அரைகுறைக் காண்டனீஸில் மல்லுக்கட்டியதையும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். உன் கதை முடிவதற்குள் என் அடுப்பில் குழம்பு அடிப்பிடித்துவிடும். இப்போது நீ வீட்டுக்கு வந்தால் குழம்பு அடிப்பிடிப்பதே இல்லை. அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

தீபாவளிக்கு முன்பு நீ வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? இராத்திரி வேலை முடிந்த கையோடு காரை ஓட்டிக்கொண்டு வந்தாய். வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, நீ இறங்கவில்லை. ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்து முன்னால் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாய். முன்னால் எதிர்வீட்டுச் சுவரைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. தூங்குகிறாயோ என்று பார்த்தேன், கண் திறந்துதான் இருந்தது. வெளியே வந்து கூப்பிடலாமா என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. சோறு ஆறிப்போய், மறுபடி சூடாக்கிய பிறகுதான் நீ உள்ளே வந்தாய். "டிராஃபிக்மா" என்றாய். நானும் ஆமாம் என்றேன். நம் தாமான் குடியிருப்பில் என்ன டிராஃபிக்?

அன்று நடந்ததைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமலே விட்டுவிடலாம் என்று பல தடவை நினைத்தேன். சொன்னால் நீ உடைந்துபோவாயோ என்று பயம், சொல்லாவிட்டால் அதைவிடப் பெரிய பயம். இரண்டுக்கும் நடுவில் கிடந்து புழுங்குகிறேன்.

அதற்கு முந்தைய நாள் நான் இங்குள்ள ஆஸ்பத்திரிக்கு இரத்தச் சோதனைக்குப் போயிருந்தேன். என் நெஞ்சு தாளம் தப்பித் துடிப்பதால் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவது உனக்குத் தெரியும். சோதனையைப் பார்த்துவிட்டு டாக்டர் அளவை மாற்றினார். மருந்துக் கவுண்டரில் ஒரு பெண்பிள்ளை. உன்னைவிடச் சின்னவளாக இருப்பாள். முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்துக் கவுண்டர் மூடியிருந்தது. என் பின்னால் நாற்காலி எல்லாம் நிறைந்து, ஆட்கள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு ஆள் நம்பர் ஏன் நகரவில்லை என்று மலாயில் அவளைத் திட்டிவிட்டுப் போனார். அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் மருந்தை எடுத்தாள். அது என்ன கண்ணீரா, வெறும் தூக்கமா என்று எனக்குத் தெரியாது. எனக்கு உன் முகம்தான் தெரிந்தது. அவள் புது நீல மாத்திரையைக் காட்டி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். நான் பெரிய மனுஷியாக அவள் கையைத் தட்டிக்கொடுத்து, "பரவால்லம்மா, என் மகனும் ஃபார்மசிஸ்ட்தான். ஈப்போவுல இருக்கான். அவன் சொல்லிடுவான், நீ அடுத்த ஆளைப் பாரு" என்றேன். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "தேங்க்யூ ஆன்ட்டி" என்றாள். ஒரு பிள்ளைக்கு உதவி செய்துவிட்டோம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் நீ சாப்பிட்டு முடித்ததும் மேசையில் இரண்டு பாக்கெட்டையும் எடுத்து வைத்தேன். பழையதில் பழுப்பு மாத்திரை பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. புதியதில் நீலம். எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். புதியது வந்தால் பழையதை நிறுத்த வேண்டுமா, இரண்டையும் சேர்த்துச் சாப்பிட வேண்டுமா? கேட்க வாயைத் திறந்தேன். நீ பாக்கெட்டைப் பார்த்துவிட்டு, "டோஸ் ஏத்தியிருக்காங்கம்மா. கவுண்டர்ல விளக்கமா சொல்லியிருப்பாங்களே?" என்றாய். சொல்லும்போதே உன் கண் மூடிக்கொண்டு போனது. கையில் ஸ்பூன் அப்படியே இருந்தது. நான், "சொன்னாங்க தம்பி, எல்லாம் புரிஞ்சுது" என்றேன். உன் முகத்திலும் அதே நிம்மதியைப் பார்த்தேன். அந்தப் பெண்பிள்ளையின் முகத்தில் பார்த்த அதே நிம்மதி. நீ போய்ப் படுத்துவிட்டாய். அவளிடம் நீ சொல்வாய் என்றேன், உன்னிடம் அவள் சொன்னாள் என்றேன். கடைசியில் யாரும் சொல்லவில்லை.

டோஸை ஏற்றியிருக்கிறார்கள் என்று நீ சொன்னது மட்டும் மனதில் நின்றது. ஏற்றினார்கள் என்றால் கூடத்தானே சாப்பிட வேண்டும்? பழுப்பையும் விழுங்கினேன், நீலத்தையும் விழுங்கினேன். மருந்தைத் தூக்கிப் போடுகிற பழக்கம் நம் குடும்பத்தில் எந்தக் காலத்தில் இருந்தது? எஸ்டேட் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்தின் கடைசிச் சொட்டையும் தண்ணீர் ஊற்றிக் கலக்கிக் குடித்தவர்கள் நாம்.

கொஞ்ச நாளில் பல் விளக்கும்போது இரத்தம் வந்தது. பிரஷ் பழையதாகிவிட்டது என்று புதியது வாங்கினேன். கையில் நீலம் நீலமாகக் கன்றிப்போனது. வாளி இடித்திருக்கும் என்று நினைத்தேன். அப்புறம் ஒருநாள் காலை மூக்கிலிருந்து இரத்தம் வரத் தொடங்கியது, நிற்கவே இல்லை. துண்டு நனைந்து, இன்னொரு துண்டும் நனைந்தது. பக்கத்து வீட்டு யூசுப் அண்ணே கடை திறக்கப் போகிற நேரம். என்னைப் பார்த்ததும் வேனில் இருந்த வெங்காய மூட்டையை ரோட்டோரத்திலேயே இறக்கிவிட்டு என்னை ஏற்றிக்கொண்டார். "தம்பிக்குப் போன் போடவா?" என்று வழியெல்லாம் கேட்டார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு வேண்டாம் என்று கெஞ்சினேன். செத்துப்போய்விடுவேனோ என்ற பயத்தைவிட, நீ இதைக் கேட்டு ஹைவேயில் காரை மிதித்துக்கொண்டு வருவாயே என்ற பயம்தான் அப்போது பெரியதாக இருந்தது.

நான் தெலுக் இந்தானில் சித்தி வீட்டில் இருப்பதாகச் சொன்னேனே, அந்த நாட்களில் ஆஸ்பத்திரி வார்டில்தான் படுத்திருந்தேன். நீ போன் செய்தபோது பின்னால் ஏதோ மெஷின் சத்தம் கேட்கிறது என்றாய். சித்தி வீட்டு டிவி என்றேன். நீ நம்பிவிட்டாய். முன்பு என்றால் நம்பியிருக்கமாட்டாய். என் குரலை வைத்தே எனக்குக் காய்ச்சல் என்று கண்டுபிடித்த பிள்ளை நீ.

வார்டுக்கு ஒரு மருந்தாளர் வந்தார், மலாய்க்காரப் பையன். நாற்காலியை இழுத்துப் போட்டு என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் மேல் நாசி லெமாக் தேங்காய்ச் சோற்று வாசம் அடித்தது. பசியாறிவிட்டு வந்திருக்கிறார். உனக்கு இது சிரிப்பாக இருக்கலாம். எனக்கு அந்தச் சம்பல் வாசம் வந்ததும் ஏனோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் எனக்கு எதுவும் விளக்கவில்லை. பெரியம்மாவைக் கூப்பிடுவது போல, "மக்சிக், வீட்டில் மருந்தை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று நீங்களே எனக்குச் சொல்லுங்கள்" என்று மலாயில் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை, வாட்சைப் பார்க்கவில்லை. நான் பழுப்பு என்றேன், நீலம் என்றேன். இரண்டையும் சேர்த்தா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவ்வளவுதான், எல்லாம் வெளியே வந்துவிட்டது. அவர் திட்டவில்லை. நீலம் வந்ததும் பழுப்பை நிறுத்தியிருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். என் மகனும் இதே வேலைதான் என்று கடைசிவரை நான் அவரிடம் சொல்லவில்லை. முதல் தடவையாக அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். அதற்கும் நீ கோபித்துக்கொள்வாய். ரயில் ஏறி ஈப்போவுக்கு வந்தேன். உன்னிடம் எல்லாவற்றையும் நேரில் சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன். உன் கவுண்டருக்கு எதிரே கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. நீ யாரையுமே பார்க்கவில்லை தம்பி. தலை குனிந்தபடியே பாக்கெட்டைத் தள்ளினாய், வாய் மட்டும் பேசியது, "புரிஞ்சுதா" என்று மூன்று மொழியிலும் கேட்டாய். ஒரு சீன அம்மா பாக்கெட்டைப் பையில் போட்டுவிட்டு மறுபடி எடுத்தார். விரலை அதன்மேல் வைத்து ஏதோ கேட்க வந்தார். உன் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் பாக்கெட்டை மெதுவாகப் பைக்குள் வைத்துக்கொண்டு, உன்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். நீ அடுத்த நம்பரை அழுத்தினாய். எழுந்து ஓடி அந்த அம்மாவைப் பிடித்து, என்ன கேட்க வந்தீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். வெளியே போய்ப் பார்ப்பதற்குள் அவர் கார்களுக்கு நடுவில் எங்கேயோ போய்விட்டார். கொண்டுவந்த சாப்பாட்டை, யாரோ ஊர்க்காரர் கொண்டுவந்ததாகச் சொல்லச் சொல்லிப் பாதுகாவலரிடம் கொடுத்துவிட்டு நானும் திரும்பிவிட்டேன். அந்த டிஃபனையும் நீ தொடாமல்தான் திருப்பி அனுப்பினாய்.

அந்த அம்மா இப்போது எப்படி இருக்கிறாரோ என்று தினமும் நினைக்கிறேன். அவருக்கும் மருந்து தெரிந்த மகன் ஒருவன் எங்காவது இருப்பான், அவன் பார்த்துக்கொள்வான் என்று மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை. எனக்கு இருந்தும் என்ன ஆயிற்று?

நீ கெட்டவன் இல்லை, சோம்பேறியும் இல்லை. உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதா? இது நம் வீட்டுப் பழக்கம். உன் அப்பா இருந்த காலத்தில் செம்பனை எண்ணெய் மில்லில் இரண்டு ஷிப்டு பார்த்துவிட்டு வந்தால் நாம் நுனிக்காலில் நடப்போம். அவரிடம் யாரும் எதையும் சொல்லமாட்டோம். ஒருநாள் உனக்கு மூச்சிளைப்பு வந்தபோது, அப்பா தூக்கம் கெட்டுவிடும் என்று குளியலறையில் போய் வாயில் துண்டை அமுக்கிக்கொண்டு இருமினாய். எத்தனை வயது உனக்கு அப்போது, தமிழ்ப்பள்ளிச் சட்டைகூட மாற்றவில்லை. உதடு நீலம் பாரித்த பிறகுதான் நான் பார்த்தேன். அப்பா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு மெயின் ரோடு வரை ஓடினார். அப்புறம், "என்னைய எழுப்பியிருந்தா என்னடா? நான் என்ன செத்தா போயிருப்பேன்?" என்று கேட்டுவிட்டு உன்னைவிட அதிகமாக அழுதார். சோர்ந்திருப்பவனைத் தொந்தரவு செய்யக் கூடாது, அதுதான் நமக்குத் தெரிந்த பாசம். அன்று நீ அப்பாவுக்குச் செய்ததை நான் உனக்குச் செய்தேன். உன் கவுண்டருக்கு வருகிறவர்களும் அதையேதான் செய்கிறார்கள். உன்னைப் பிடிக்காமல் இல்லை, உன்னைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

அதனால் நீ சாப்பிடாமல் இருப்பதும் தூங்காமல் இருப்பதும் உன் சொந்த விஷயம் என்று இனிமேல் என்னிடம் சொல்லாதே. உன் மேலதிகாரியிடம் போய்ப் பேசு. ஆள் பற்றவில்லை, என்னால் முடியவில்லை என்று சொல். முடியவில்லை என்று சொல்ல உனக்கு நாக்கு வராது, அப்பாவுக்கும் வந்ததில்லை. சூசாதான், கஷ்டம்தான், எனக்குத் தெரியும். அப்படியானால் உன் அம்மாவுக்கு நடந்ததைச் சொல், என்னைக் காரணம் காட்டு. அவர்கள் கேட்டுவிடுவார்களா என்று எனக்குத் தெரியாது. கேட்காமலும் போகலாம். நீ சொல்லாவிட்டால் நிச்சயமாகக் கேட்கமாட்டார்கள். சேர்த்து வைத்திருக்கிற விடுமுறையை எடு. அதை வைத்து என்ன, வட்டிக்கா விடப்போகிறாய்? தனியாகச் சமாளிக்க முடியாத அளவுக்கு மனம் பாரமாக இருந்தால் அதற்கும் டாக்டர் இருக்கிறார், போய்ப் பார். அன்று காரில் உட்கார்ந்து எதைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று நான் இனி கேட்காமல் இருக்கப்போவதில்லை. கேட்பேன். நீ எரிந்து விழுந்தாலும் கேட்பேன்.

இதைப் படித்துவிட்டு, என் கையாலேயே அம்மாவைக் கொல்லப் பார்த்தேனே என்று நீ நினைப்பாய். அப்படி நினைக்காதே ராசா. பொய் சொன்னவள் நான். நீ உன்னைத் தண்டித்துக்கொள்வாய் என்று பயந்துதான் இத்தனை நாள் வாயைப் பூட்டிக்கொண்டிருந்தேன். லைன் நன்றாக ஓடுகிறது என்று நீ சொன்ன பிறகு அந்தப் பூட்டு நிற்கவில்லை.

வருகிற சனிக்கிழமை வா. கார் வேண்டாம், ரயிலில் வா, தூங்கிக்கொண்டே வா. யூசுப் அண்ணே ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிக்கொண்டு வருவார். அவரிடம் சொல்லிவிட்டேன். மேசையில் என் மருந்தை எடுத்து வைப்பேன். மிட்டாய் இல்லை, இந்தத் தடவை உண்மையான மருந்து. நீ எனக்கு ஒன்றும் விளக்க வேண்டாம். நான் எப்படிச் சாப்பிடுகிறேன் என்று கேள், நான் சொல்கிறேன். தப்பாகச் சொன்னால் முதலிலிருந்து வா. எனக்கும் புரியாததைப் புரியவில்லை என்று சொல்லிப் பழக வேண்டும்.

ஆனால் சனிக்கிழமைக்கு முன்பு உனக்கு நாளைக் காலை இருக்கிறது. கவுண்டரைத் திறந்ததும் முதல் நம்பரில் ஓர் அம்மா வருவாள். உன் கண்ணைப் பார்ப்பாள், அதன் கீழே உள்ள கருப்பைப் பார்ப்பாள், பின்னால் நிற்கிற கூட்டத்தையும் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள். எல்லாம் புரிந்தது தம்பி என்று தலையாட்டுவாள். அவளை விட்டுவிடாதே. உட்காரவைத்துக் கேள். அவள் பையில் பழைய பாக்கெட்டும் இருக்கும்.

அம்மா